சேலம் விஜயராகவாச்சாரியார்: சர்க்கார் மேல் வழக்காடி வென்ற வக்கீல்

நூறு ரூபாய் பெருந்தொகையன்று. ஆயினும் சேலத்து வக்கீல் ஒருவருக்கு நஷ்டஈடாகக் கிடைத்த நூறு ரூபாய் இந்நாட்டுச் சட்ட சரித்திரத்தில் தனியிடம் பெற்றுவிட்டது. அத்தொகையைக் கொடுக்கக் கடமைப்பட்டவராகக் கோர்ட்டின் முன் நின்றவர் அக்கம்பக்கத்து மிராசுதாரோ, கடன்பட்ட வியாபாரியோ அல்லர். லண்டன் மாநகரில் வீற்றிருந்து இந்தியா முழுவதையும் ஆண்டுவந்த இந்தியா மந்திரியே அவ்வழக்கின் பிரதிவாதி. ஆளப்படுகிறவன் ஆளுகிறவனைச் சட்டத்தின் முன் இழுத்து நிறுத்தி, நீ செய்தது தவறு என்று தீர்ப்பும் வாங்கியது, காங்கிரஸ் மகாசபை பிறப்பதற்கும் முந்திய செய்தி. அதைச் செய்து காட்டிய சேலம் சி. விஜயராகவாச்சாரியாரைப் பெயரளவில் அறிந்தோர் பலர்; அவர் எந்தச் சட்டத்தைக் கையிலெடுத்தார், அஃது எங்கிருந்து நம்மிடம் வந்தது என்று எண்ணிப் பார்த்தோர் சிலரே.

செங்கற்பட்டு ஜில்லாவில் பொன்விளைந்த களத்தூர் என்ற கிராமத்தில் 1852-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் சடகோபாச்சாரியார் வைதிக ஆசாரத்திற் சிறந்த வைஷ்ணவர். பிள்ளையின் முதற்கல்வி வேதமும் வடமொழியுமாக அமைந்தது. பன்னிரண்டு வயதுக்குப் பிறகே ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்தார். பின் சென்னை ராஜதானிக் கல்லூரியில் பயின்று 1875-இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியிலேயே சிலகாலம் போதித்தார். மங்களூருக்கு மாற்றப்பட்டு, அங்கே சர்க்கார் உத்தியோகத்தை உதறிவிட்டுச் சேலம் முனிசிபல் கல்லூரிக்கு ஆசிரியராக வந்து சேர்ந்தார். ஆங்கிலமும் கணிதமும் கற்பித்துக்கொண்டே, சட்ட வகுப்பு எதற்கும் செல்லாமல் தாமாகவே படித்துப் பரீட்சை எழுதி, 1881-இல் வக்கீலானார். குருவின்றிக் கற்ற வித்தை அது. அதன் முதற்சோதனை அடுத்த ஆண்டிலேயே அவர் தலைமீதே வந்து விழுந்தது.

சேலத்திற்கு இங்கிலீஷ் சட்டம் வந்த கதையைச் சிறிது சொல்லிவிட வேண்டும். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கும்பினியார் கைக்கு மாறின. காப்டன் ரீடும் அவர்கீழ் தாமஸ் மன்றோவும் நிலமளந்து வரி விதித்தார்கள். வரிக்குப் பின்னால் கோர்ட்டு வந்தது. 1802-ஆம் ஆண்டு ரெகுலேஷன்கள் ஜில்லா நீதிஸ்தலங்களை ஏற்படுத்தின. திருமணிமுத்தாற்றுப் பாசனத்துக் குடியானவரும், செவ்வாய்ப்பேட்டை வணிகரும், ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் பக்கத்து நெசவாளரும் அதுவரை ஊர்க்கூட்டத்திலும் நாட்டாண்மையிடத்திலும் தீர்த்துக்கொண்ட வழக்குகள் மெல்ல மெல்ல ஸ்டாம்புக் காகிதத்தில் ஏறின.

அந்தக் கோர்ட்டில் செல்லுபடியான சட்டம் எது? இங்கேதான் நம்மவரிற் பலர் மயங்குகிறார்கள். ஆங்கிலேயர் தம் தேசத்துச் சட்டத்தின் அடிப்படையைக் காமன் லா, அதாவது பொதுச் சட்டம், என்று வழங்குவர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் ஹென்றி மன்னனின் நீதிபதிகள் ஊரூராகச் சுற்றி வழக்குக் கேட்டார்கள். ஊருக்கு ஒரு வழக்கமாய்க் கிடந்ததைத் தேசத்துக்குப் பொதுவாக்கினார்கள். பொதுச் சட்டம் என்ற பெயரே அதனால் வந்தது. அதைச் சட்டசபை இயற்றவில்லை; அரசன் கட்டளையாகவும் பிறக்கவில்லை. ஒரு நீதிபதி ஒரு வழக்கில் காரணங்காட்டிச் சொன்ன முடிவை, அதுபோன்ற அடுத்த வழக்கில் மற்றொரு நீதிபதி பின்பற்றுவார். முன்தீர்ப்பு பின்தீர்ப்பைக் கட்டும். இப்படி நூற்றாண்டுக் கணக்கில் தீர்ப்பின் மேல் தீர்ப்பாக அடுக்கிக் கட்டிய வீடு அது. காரணமின்றி ஒருவனைச் சிறையிலடைக்கலாகாது, குற்றத்தை ருசுப்படுத்தும் பாரம் குற்றஞ்சாட்டுபவனையே சேரும், ஒருவன் சொல்லைக் கேளாமல் அவனைத் தண்டிக்கலாகாது என்பவை அவ்வீட்டின் தூண்கள்.

இந்த வீட்டைக் கப்பலேற்றி அப்படியே சேலத்தில் இறக்கிவிட்டார்களா என்றால், இல்லை. சென்னைப் பட்டணத்தின் எல்லைக்குள் 1726-ஆம் ஆண்டு சாசனத்தின்படி அமைந்த மேயர் கோர்ட்டிலும், 1801 முதல் சுப்ரீம் கோர்ட்டிலும் இங்கிலீஷ் சட்டம் நேராகவே நடந்தது. ஜில்லாக்களின் கதை வேறு. கலியாணம், சொத்துரிமை போன்றவற்றில் ஹிந்துக்களுக்கு ஹிந்து தர்மமும் முகம்மதியருக்கு அவர்கள் ஷரியத்தும் செல்லும். ஏற்பட்ட விதி ஏதுமில்லாத விஷயத்தில் நீதிபதி நியாயம், தர்மம், நல்ல மனச்சாட்சி ஆகியவற்றின்படி நடக்க வேண்டும். 1802-ஆம் ஆண்டு ரெகுலேஷனிலும் 1873-ஆம் ஆண்டு சென்னை சிவில் கோர்ட்டுச் சட்டத்திலும் உள்ள ஏற்பாடு இதுவே. கேட்க அழகான ஏற்பாடு. ஆனால் அந்த மனச்சாட்சி எவருடையது? லண்டனில் படித்து வந்த நீதிபதியின் மனச்சாட்சி லண்டன் சட்டத்தைத்தான் பேசும். 1887-இல் பிரிவி கௌன்ஸிலும் அதை ஒப்புக்கொண்டது: இந்திய சமூகத்துக்குப் பொருந்துமளவில் அச்சொற்களுக்குப் பெரும்பாலும் இங்கிலீஷ் சட்டம் என்றே பொருள் கொள்ளலாமென அது கருதிற்று. வாசல் வழியாக வராத விருந்தாளி கொல்லைப்புறமாக உள்ளே வந்து கூடத்தில் அமர்ந்துகொண்டார்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. சொந்த நாட்டில் எழுதாக் கிளவியாய் இருந்த பொதுச் சட்டத்தை ஆங்கிலேயர் இந்தியாவுக்கென்று எழுதி வைத்தார்கள். மெக்காலே 1837-இல் வகுத்த தண்டனைச் சட்டம் 1860-இல் நிறைவேறி 1862-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. சாட்சியச் சட்டமும் ஒப்பந்தச் சட்டமும் 1872-இல் பிறந்தன. தம் தேசத்தில் நீதிபதியின் நினைவிலும் பழைய ஏடுகளிலும் தேட வேண்டிய விதியை, இங்கே அணா விலைக்கு வாங்கும் புத்தகத்தில் அச்சிட்டுத் தந்தார்கள். ஆட்சிக்கு வசதி என்றுதான் செய்தார்கள். ஆனால் அச்சிட்ட புத்தகம் எவன் கைக்கும் போகும். வகுப்புக்கே போகாத ஒரு கணித ஆசிரியர் கைக்கும் போயிற்று.

1882-ஆம் ஆண்டில் சேலம் பற்றியெரிந்தது. ஹிந்துக்களின் உற்சவ ஊர்வலம் மேளதாளத்துடன் செல்லும் பாதையில் பள்ளிவாசல் எழுந்தது குறித்து நெடுநாள் பூசல். மனுக்களும் தடையுத்தரவுகளும் பூசலைத் தீர்க்கவில்லை. கலகம் மூண்டு, பள்ளிவாசல் இடிபட்டது. ஒரே ஊரில், ஒரே சந்தையில் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த இரு சமூகத்தார்க்கும் அது வெட்கக்கேடு. தேசபக்தர் என்பதற்காக நம்மவர் பக்கத்துத் தவற்றை மூடி மறைப்பது தேசத்தொண்டாகாது.

தெருவைப் பற்றிய சட்டத்தை மட்டும் இங்கே குறித்துவிடலாம். கலகத்தை அடுத்த 1883-ஆம் ஆண்டில் சென்னை ஹைக்கோர்ட்டின் முழு பெஞ்சு சுந்தரம் செட்டி வழக்கில் ராஜபாட்டையின் உரிமையை ஆராய்ந்தது. எந்த மதத்தாரும் பொதுவீதியில் ஊர்வலம் செல்லலாம். பிறர் உரிமைக்குப் பங்கம் விளைக்கலாகாது. அமைதி கெடுமென்று கண்டால் மாஜிஸ்டிரேட் கட்டளையிடலாம் என்ற வழியில் அதன் முடிவு அமைந்தது. நாற்பதாண்டுகளுக்குப் பிறகு ஐக்கிய மாகாணத்தில் முஸ்லிம்களுக்குள்ளேயே ஷியா ஸுன்னிப் பிரிவினரிடையே ஊர்வலப் பிணக்கு எழுந்து பிரிவி கௌன்ஸில் வரை சென்றபோது, சென்னைத் தீர்ப்பையே அங்குள்ள பிரபுக்கள் எடுத்து ஆண்டார்கள். ஓர் ஊரின் சண்டையிலிருந்து பிறந்த விதி, பெயரும் மதமும் மாறிய வேறோர் ஊர்ச் சண்டைக்குப் பயன்படுவதுதான் பொதுச் சட்டத்தின் நடைமுறை.

கலகத்தைத் தூண்டியவர் என்று சர்க்கார் குற்றஞ்சாட்டியோருள் விஜயராகவாச்சாரியாரும் ஒருவர். அப்போது அவருக்கு வயது முப்பது. வக்கீலாகி ஓராண்டுதான் ஆயிற்று; முனிசிபல் கௌன்ஸிலிலும் அங்கத்தினர். அதிகாரிகளின் கண்ணுக்கு அந்த வயதும் அந்தச் சுதந்திரப் பேச்சும் உறுத்தலாய் இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. விசாரணை நடந்தது, பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. வேறொருவராயின் அத்தோடு கதை முடிந்திருக்கும். அவர் மேல்முறையீடு செய்தார். சாட்சியத்தை ஹைக்கோர்ட்டு எடைபோட்டது, குற்றம் நிலைக்கவில்லை, விடுதலையானார். குற்றம் ருசுவாகாதவன் நிரபராதி என்ற பழைய விதி, ஆளுகிறவன் யார், ஆளப்படுகிறவன் யார் என்று பாராமல் அன்று வேலை செய்தது.

ஆனால் அதே வழக்கில் தண்டனை பெற்று அந்தமானுக்கு ஏற்றப்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குச் சட்டப்புத்தகம் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. எந்தப் பாஷையில் தங்களைக் குற்றவாளிகள் என்று தீர்த்தார்களோ அந்தப் பாஷையே விளங்காமல் கடல் கடந்தவர்கள் அவர்கள். பொதுச் சட்டத்தின் பெருமை பேசுவோர் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். அதன் தூண்கள் உறுதியானவைதாம். அதன் வாசலோ உயரமான வாசல். ஸ்டாம்புக்கும் வக்கீலுக்கும் பணம் வேண்டும்; சேலத்திலிருந்து சென்னைக்குப் போய்த் தங்க வேண்டும்; இங்கிலீஷ் தெரிந்தவன் துணை வேண்டும். நாமக்கல் பக்கத்து மானாவாரிக் குடியானவன் ஒருவனுக்கு இவற்றில் எது உண்டு? படித்தவன் தப்பினான், படியாதவன் தீவாந்தரம் போனான் என்று ஊர் சொல்லியிருந்தால் அதற்கு மறுமொழி சொல்வது கடினம்.

விஜயராகவாச்சாரியார் அந்தக் கடினத்தை உணர்ந்தவர் என்றே அவருடைய அடுத்த செய்கை காட்டுகிறது. தாம் வீடு வந்து சேர்ந்ததோடு அவர் ஓயவில்லை. மற்றவர்களுக்காக வைஸ்ராய் ரிப்பன் பிரபு வரையில் முறையிட்டார். இடைவிடாத முயற்சியின் பயனாக அந்தமானுக்குச் சென்றவர்கள் விடுதலை பெற்றார்கள். கோர்ட்டு எட்டாத இடத்தில் மனுவும், மனு எட்டாத இடத்தில் பொதுஜன அபிப்பிராயமும் என்று அவர் படிப்படியாகக் கற்றுக்கொண்ட பாடம் அது. பிற்காலத்தில் நம்மவர் அரசியல் கிளர்ச்சி என்று பெயரிட்டழைத்த வித்தையின் அரிச்சுவடி அங்கே இருக்கிறது.

இதற்கிடையில் சர்க்கார் அவரை முனிசிபல் அங்கத்தினர் பதவியிலிருந்து நீக்கிவிட்டது. ஹைக்கோர்ட்டு விடுவித்த மனிதரை, கவர்ன்மெண்டு தன் பேனாவால் தண்டிக்கப் பார்த்தது. அவர் சும்மா இருக்கவில்லை. இந்தியா மந்திரியைப் பிரதிவாதியாக்கி வழக்கிட்டார். 1884-ஆம் ஆண்டில் சென்னைத் தீர்ப்புத் தொடரின் ஏழாம் தொகுதியில் இடம்பெற்ற அவ்வழக்கு, சர்க்காரின் பொறுப்பைப் பற்றிப் பேசும் வழக்குகளின் வரிசையில் இன்றளவும் எடுத்துக்காட்டப்படுகிறது. நாம் தொடக்கத்திற் சொன்ன நூறு ரூபாய் இவ்வழக்கில் கிடைத்ததே.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே வழக்கை இங்கிலாந்தில் ஓர் ஆங்கிலேயன் அவ்வளவு எளிதில் தொடுத்திருக்க முடியாது. அரசன் தவறு செய்யான் என்பது அவர்களுடைய பொதுச் சட்டத்தின் பழைய கோட்பாடு. அரசன் பெயரால் நடக்கும் சர்க்காரின் மேல் நஷ்டஈட்டு வழக்கு என்பது அங்கே அரிது. 1947-ஆம் ஆண்டில் பார்லிமெண்டு தனிச்சட்டம் இயற்றிய பிறகே அந்த மதில் பெரும்பாலும் இடிந்தது. இந்தியாவில் எப்படி முடிந்தது? இங்கே முதலில் ஆண்டது ஒரு வியாபாரக் கம்பெனி. வியாபாரியின் மேல் வழக்குப் போடலாம். 1858-இல் கும்பினியின் கையிலிருந்து ராஜ்யம் ராணியின் கைக்கு மாறியபோது, கும்பினியின் மேல் எவ்வகை வழக்குகள் செல்லுமோ அவை இந்தியா மந்திரியின் மேலும் செல்லும் என்று சட்டத்தில் எழுதி வைத்தார்கள். கடன்காரர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் தைரியமளிக்கச் செய்த ஏற்பாடாக இருக்கலாம். அந்தச் சிறு துவாரத்தின் வழியே நம்மவர் நுழைந்தார்கள்.

துவாரத்தை அடைக்கவும் முயற்சி நடந்தது. 1861-இல் கல்கத்தாவில், சர்க்கார் கப்பற்பட்டறைக் கூலிகளின் கவனக்குறைவால் ஒரு கப்பல் கம்பெனியின் வண்டிக்குதிரை காயமுற்றது. தலைமை நீதிபதி பீகாக் நஷ்டஈடு உண்டென்றார். ஆனால் அரசுரிமையைச் செலுத்திச் செய்த காரியமாயின் வழக்குச் செல்லாது என்ற வேற்றுமையையும் உடன் வைத்தார். சென்னையில் தலைமை நீதிபதி ஸர் சார்லஸ் டர்னர் அவ்வளவு குறுகவில்லை. 1882-இல் ஹரிபாஞ்சி என்பாரின் உப்பு வரி வழக்கில், சட்டத்தின் பெயரால் சர்க்கார் செய்யும் காரியம் சட்டத்தின் முன் விசாரணைக்கு உட்பட்டதே என்ற விரிந்த நோக்கைக் காட்டினார். அந்தக் காற்று வீசிக்கொண்டிருந்த நாட்களில்தான் சேலத்து வக்கீலின் வழக்கும் வந்தது. நீதிபதிகள் நல்லவர்களாய் அமைந்தது அவர் பாக்கியம் என்று சொல்வாருண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. வழக்கென்று ஒன்று கொண்டுவருவார் இல்லாவிடில் எந்த நீதிபதிக்கும் நல்ல தீர்ப்புச் சொல்ல வாய்ப்பில்லை.

அண்டை நாட்டுத் தமிழரின் நிலையோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் நெப்போலியன் காலத்துச் சட்டத் தொகுப்பை நடத்தினார்கள். அங்கே தொகுப்பே தாய். நீதிபதியின் முன்தீர்ப்பு மற்றவரைக் கட்டாது. தம் குல வழக்கத்தைக் கைவிட்டு அத்தொகுப்பின்கீழ் வர விரும்புவோர் எழுதிக்கொடுத்து வரலாமென 1881-இல் ஓர் ஆக்ஞை பிறந்தது; ஒரு கையெழுத்தில் ஒரு தமிழன் சட்டத்தளவில் பிரெஞ்சுக்காரனாகிவிடலாம். ஆனால் பிரெஞ்சு முறையில் சர்க்காரின் செய்கையைக் கேள்வி கேட்கச் சாதாரணக் கோர்ட்டுக்குப் போக முடியாது. நிர்வாக நீதிஸ்தலம் என்று தனியே உண்டு. கடன் வழக்கைக் கேட்கும் கோர்ட்டே கவர்னரின் உத்தரவையும் கேட்கும் என்பது ஆங்கில முறையின் தனிக்குணம். 1885-இல் டைஸி என்னும் ஆங்கில ஆசிரியர் இதைத் தம் நாட்டின் பெருஞ்சிறப்பென்று புத்தகம் எழுதினார். அதற்குமுன்பே சேலத்துக்காரர் ஒருவர் அதை நடத்தியே காட்டிவிட்டார். அதுவும் டைஸியின் நாட்டில் அரசின் மேல் வழக்கிட முடியாத நாளில்!

யாழ்ப்பாணத்துக்குப் போனால் காட்சி மறுபடியும் மாறுகிறது. அங்கே டச்சுக்காரர் காலத்தில் 1707-இல் தொகுக்கப்பட்ட தேசவழமை என்னும் தமிழர் வழக்காறு நிலத்துக்கும் சீதனத்துக்கும் செல்லும். அதன்மேல் இலங்கையின் பொதுச் சட்டமாக ரோமன் டச்சுச் சட்டம் நிற்கும். வாணிபத்தில் ஆங்கிலச் சட்டம் கலக்கும். 1883-இல் இயற்றிய இலங்கைத் தண்டனைச் சட்டமோ நம் இந்தியச் சட்டத்தின் சாயல். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கப்பலிறங்கிய தமிழ்ச் செட்டியாரும் கூலியாளும் கண்டது இங்கிலீஷ் பொதுச் சட்டத்தை. தண்டனைக்கு அங்கேயும் இந்தியத் தொகுப்பின் பிரதியே வந்தது. ஒரே நூற்றாண்டில் தமிழ் பேசுவோர் நான்கு வகை நீதியின்கீழ் வாழ்ந்தார்கள். எந்தச் சட்டமும் பிறந்த ஊரிலேயே தங்குவதில்லை. புகுந்த ஊரில் பழைய உருவோடு இருப்பதுமில்லை.

சேலத்து வெற்றிகள் விஜயராகவாச்சாரியாரைத் தென்னாட்டுச் சிங்கமென்று பெயர்பெறச் செய்தன. 1885-இல் காங்கிரஸ் தோன்றிய நாள்முதல் அவர் அதனோடு இருந்தார். 1887-இல் சென்னையில் காங்கிரஸ் கூடியபோது அதற்கு விதிமுறை வகுக்க அமைந்த கமிட்டியில் அவரும் ஒருவர். 1895 முதல் ஆறாண்டுகள் சென்னைச் சட்டசபையிலும், 1913 முதல் 1916 வரை இம்பீரியல் சட்டசபையிலும் அங்கத்தினராயிருந்தார். இவற்றை விரித்தால் பெருகும். ஒன்று மட்டும் குறிக்கலாம்: பெண்களுக்குப் பருவமெய்திய பின்னரே மணம் வேண்டும், தகப்பன் சொத்தில் மகளுக்கும் பாகம் வேண்டும் என்று அந்த வைதிகக் குடும்பத்துப் பிள்ளை வாதாடினார். ஹிந்து மகளுக்கு மகனோடு சமமான பிறப்புரிமைப் பங்கைத் தமிழ்நாடு 1989-இல் தந்தது. இந்தியா முழுவதற்கும் 2005-இல் வந்தது. வக்கீல் சொன்னது சட்டமாக எத்தனை தலைமுறை ஆகிறது பாருங்கள்.

1920-ஆம் ஆண்டு டிசம்பரில் நாகபுரி. காங்கிரஸின் அக்கிராசனர் விஜயராகவாச்சாரியார். மகாத்மா காந்தியின் ஒத்துழையாமைத் திட்டத்தை மகாசபை உறுதிசெய்த கூட்டம் அது. சட்டசபைகளை விடுங்கள், சர்க்கார் பள்ளிகளை விடுங்கள், கோர்ட்டுகளை விடுங்கள் என்பது திட்டம். அக்கிராசன பீடத்தில் அமர்ந்திருந்தவரோ கோர்ட்டிலேயே பிறந்த அரசியல்வாதி. கோர்ட்டு இல்லாதிருந்தால் அவருடைய வாலிபம் சிறையிலேயே கழிந்திருக்கும். ஒத்துழையாமையின் சில உறுப்புக்களில் தமக்குள்ள கருத்து வேற்றுமையை அவர் மறைக்கவில்லை; மகாத்மாவின் செல்வாக்கு வானளாவ ஓங்கியிருந்த அந்த நேரத்திலும் மறைக்கவில்லை. மகாசபையோ காந்தியடிகளின் வழியைத் தேர்ந்தது. 1887-இல் விதி வகுத்தவர் தலைமையிலேயே காங்கிரஸ் தன் விதிகளைப் புதிதாக மாற்றி எழுதிக்கொண்டது.

இரு கட்சியிலும் நியாயமுண்டு என்று சொல்லிக் கழிந்துவிட நமக்கு விருப்பமில்லை. கோர்ட்டுகளை விட்டவர் எத்தகையோர் என்று பார்க்க வேண்டும். அதே சேலத்தில் வக்கீல் தொழில் நடத்திய ராஜகோபாலாச்சாரியார், 1918-இல் ராசிபுரத்து டாக்டர் வரதராஜுலு நாயுடுவின் மேல் வந்த ராஜத்துரோக வழக்கில் வாதாடி வென்றவர். சட்டத்தால் சர்க்காரை மடக்க முடியும் என்பது அவருக்குத் தெரியாததன்று. தெரிந்தும் தொழிலைத் துறந்தார். காரணம் 1919-இல் இருக்கிறது. ரௌலட் சட்டம் அப்பீலும் இன்றி அடைத்து வைக்க அதிகாரமளித்தது; பஞ்சாபில் ராணுவச் சட்டம் நடந்தது; ஜாலியன்வாலா பாக்கில் சுட்டவனைக் கோர்ட்டில் நிறுத்த எந்த முன்தீர்ப்பும் உதவவில்லை. பொதுச் சட்டத்தின் தூண்களை ஆளுகிறவர்களே வெட்டிச் சாய்த்த பிறகு, அந்த வீட்டில் குடியிருப்பது எங்ஙனம்? ஆகவே அந்நாளில் வெளியேறியதே சரியென்பது நம் கருத்து. ஆனால் தூண்கள் வெட்டப்பட்டன என்று அறிவதற்குக்கூடத் தூண்கள் இருந்த இடத்தைக் காட்டிய ஒருவர் வேண்டியிருந்தது. நாற்பதாண்டுகளுக்கு முன் சேலத்தில் அதைக் காட்டியவர், நாகபுரிப் பீடத்தில் தம் கட்சி தோற்பதைக் கண்டும் அக்கிராசனர் கடமையை நிறைவேற்றினார்.

பிந்திய நாட்களில் ஸைமன் கமிஷனை எதிர்த்தார். ஸ்வராஜ்ய இந்தியாவுக்கு அரசியல் சட்டம் வகுக்கும் வேலையில் ஈடுபட்டார். 1931-இல் அகோலாவில் கூடிய ஹிந்து மகாசபைக்குத் தலைமை வகித்தார்; அவர் வாழ்வில் நமக்கு உடன்பாடற்ற பகுதி அதுவே. சேலத்துத் தெருவில் இரு சமூகமும் பட்ட துன்பத்தைக் கண்டவர், தெரு எல்லார்க்கும் பொது என்ற விதியை அறிந்தவர், ஒரு சாராரின் மேடையில் ஏறியிருக்க வேண்டியதில்லை. 1944-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள், தொண்ணூற்றிரண்டாம் பிராயத்தில் காலமானார். சேலத்தில் அவர் பெயரால் நூல்நிலையமும் சொற்பொழிவு மண்டபமும் எழுந்தன.

சுதந்திரம் வந்தபின் அவர் தொடுத்த வழக்கின் கதி என்னாயிற்று? 1950-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் பழைய சட்டங்களைத் தொடரச் செய்தது. சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு எல்லாக் கோர்ட்டுகளையும் கட்டும் என்று முன்தீர்ப்பு முறையை எழுத்திலேயே ஏற்றது. மெக்காலேயின் தண்டனைச் சட்டமும் 1872-இன் சாட்சியச் சட்டமும் 2024 ஜூலை முதல் தேதி விலகி, புதுப்பெயருடைய சட்டங்கள் அவ்விடத்தில் வந்தன. ருசுப்படுத்தும் பாரம் இடம் மாறவில்லை. சர்க்கார் மேல் வழக்கிடும் உரிமையோ 300-ஆவது ஷரத்தில் நிற்கிறது. அந்த ஷரத்தின் பொருளறிய அதற்கு முந்திய சட்டத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு அதன் முந்தியதை. இப்படியே போனால் 1858-க்கும் கல்கத்தாவில் காயமுற்ற குதிரைக்கும் போய்ச் சேருகிறோம்.

இது வெறும் பண்டித விவகாரமன்று. மீரத் போலீஸார் ஒரு வியாபாரியிடம் கைப்பற்றிய தங்கத்தை ஸ்டேஷனிலிருந்தே ஒரு ஹெட் கான்ஸ்டபிள் அபகரித்துக்கொண்டு ஓடிவிட்டான். கஸ்தூரிலால் என்ற அவ்வழக்கில், போலீஸ் காரியம் அரசுரிமைக் காரியம், ஆகவே நஷ்டஈடு இல்லை என்று 1964-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்தது. அந்நிய ஆட்சியில் சேலத்துக்காரருக்குத் திறந்த கதவு, சொந்த ஆட்சியில் அந்த வியாபாரிக்கு மூடிக்கொண்டது. 1993-இல் ஒரிஸ்ஸாவில் போலீஸ் காவலில் மகனைப் பறிகொடுத்த நீலாபதி பெஹரா என்ற தாய்க்கு நஷ்டஈடு அளித்தபோது, அடிப்படை உரிமை மீறப்பட்ட இடத்தில் அரசுரிமை என்ற சாக்குச் செல்லாதென்று அதே கோர்ட்டு வேறு வழி கண்டது. மற்ற வழக்குகளில் பழைய வேற்றுமை வழக்குக்கு வழக்கு வாதிக்கப்பட்டே வருகிறது. சர்க்காரின் பொறுப்பைத் தெளிவாக எழுதிச் சட்டமாக்க வேண்டுமென்று 1956-இல் சட்டக் கமிஷன் தன் முதல் அறிக்கையிலேயே சொல்லிற்று. 1965-இல் ஒரு மசோதா வந்தது. 1967-இல் மீண்டும் ஒன்று வந்தது. இரண்டும் காலாவதியாயின. மூன்றாவது நிறைவேறவில்லை.